ஊர் பார்த்த சிரிப்பு

பிப்ரவரி 24, திங்கள்

டாக்டர் மெஹருன்னிசா இன்று என்னை வசமாக மாட்டிவிட்டார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் தரிசனம். ரத்தப் பரிசோதனை முடிவு நன்றாக வந்திருந்தது. பக்கத்து நாற்காலியில் என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து, என் மருத்துவக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளையின் மார்க் ஷீட் வாங்க வந்த தகப்பனைப் போல உட்கார்ந்திருந்தார். "எல்லாம் நார்மல்" என்று டாக்டர் சொன்னதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. பாஸ் செய்தது நான், பெருமை அவருக்கு.

அப்போதுதான் டாக்டர் ஆரம்பித்தார்.

"அம்சவேணி, மார்ச் முப்பது உலக பைபோலார் தினம். இந்தப் பக்கம் இப்படி ஒரு நோய் இருக்கறதே பாதிப் பேருக்குத் தெரியல. கோயில் கோயிலா அலைஞ்சு முடிச்சுட்டு, எல்லாம் கைமீறினப்புறம் எங்கிட்ட வர்றாங்க. சின்னதா ஒரு கூட்டம் போடலாம்னு இருக்கேன். நான் பேசுனா தூங்கிடுவாங்க. நீங்க பேசறீங்களா?"

நான் யார்? உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் 'சொற்போர்ச் சுனாமி' என்று நோட்டீஸில் அச்சடிக்கப்படும் பட்டிமன்றப் பேச்சாளர். மாமியாரா மருமகளா, பணமா பாசமா, செல்போனால் கெட்டது கணவனா மனைவியா என்று ஏறாத கோயில் மேடை இல்லை. காலையில் ஒரு தரப்பு, மாலையில் அதே தலைப்பில் எதிர்த் தரப்பு என்றும் பேசியிருக்கிறேன். ஆனால் இதைப் பற்றி ஒரு மேடையிலும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஐந்து வருடத்துக்கு முன் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஊருக்குச் சொன்ன காரணம் கண் ஆபரேஷன். எந்தக் கண் என்று இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. ஊருக்கு என் கண்மேல் அவ்வளவுதான் அக்கறை.

பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வண்டியில் திரும்பும்போது இவர் ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"நெசமாலுமா?"

"ஏனுங், நான் பேசாத பேச்சா?"

அவருக்குப் பேச்சு அவ்வளவுதான். தாராபுரம் ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். மோட்டாரோடு பேச வேண்டியதில்லை என்பதால் அந்தத் தொழிலைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பிப்ரவரி 26, புதன்

மாவு அரைத்தேன். ரேஷன் கடையில் நின்றேன். பேச்சுக்குக் குறிப்பு எடுக்க உட்கார்ந்தேன்.

முதல் சிக்கல் பெயர். 'இருதுருவக் கோளாறு' என்று ஒரு புத்தகம் சொல்கிறது. பூகோளப் பாடம் போல இருக்கிறது. பனிக்கரடி வரும் என்று குழந்தைகளைக் கூட்டி வந்துவிடுவார்கள். பைபோலார் என்றே சொல்லிக்கொள்ளலாம்.

இரண்டாவது சிக்கல், விளக்கம். எளிமையாக எழுதிப் பார்த்தேன்: எல்லோருக்கும் சந்தோஷம் வரும், துக்கம் வரும், வந்த வேலை முடிந்ததும் போய்விடும். எனக்கு இரண்டும் வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி. வந்தால் போகாது, வீட்டையே தலைகீழாக்கும். ஒன்று வந்தால் தூக்கம் தேவைப்படாது, பயம் தெரியாது, என்னைவிட்டால் உலகில் ஆள் இல்லை என்று தோன்றும். மற்றது வந்தால் தலை சீவக்கூட கை எழாது. மாத்திரை என்பது அந்த இரண்டு சம்பந்திகளையும் வாசலிலேயே நிறுத்தி வைக்கும் ஏற்பாடு.

இவரிடம் படித்துக் காட்டினேன். "சம்பந்தி வேண்டாம் புள்ள. நாளைக்கு நம்ம தாரணிக்கு மாப்பிள்ளை பாக்கோணும்" என்றார். தாரணி எங்கள் ஒரே மகள். கோயமுத்தூரில் விடுதியில் தங்கி இரண்டாம் வருடம் படிக்கிறாள். மாப்பிள்ளை இன்னும் எங்கே டவுசரோடு திரிகிறானோ, அதற்குள் சம்பந்திக்குப் பயம்.

மார்ச் 2, ஞாயிறு

பங்குனி பிறக்கும் முன்பே கோயில் திருவிழாவுக்கு நோன்பு சாட்டும் ஊர்களிலிருந்து அழைப்பு வர ஆரம்பித்துவிட்டது. நேற்று மடத்துக்குளம் பக்கம் ஒரு மேடை. வீடு வந்து சேர நேரமாகிவிட்டது.

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. கைதான். லித்தியம் மாத்திரையில் ஒரு குணம், விரல் லேசாக நடுங்கும். மைக்கைப் பிடித்தால் முன்வரிசைக்குத் தெரிகிறது. நாக்கும் வறண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. சுனாமி என்று பெயர் போட்டுவிட்டு நடுவில் நான்கு முறை தண்ணீர் குடித்தால் எப்படி?

அதனால் மேடை உள்ள நாட்களில் மட்டும் மாத்திரையைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்று இருக்கிறேன். தள்ளிப்போடுவது வேறு, நிறுத்துவது வேறு.

மார்ச் 6, வியாழன்

பரணைச் சுத்தம் செய்தேன். அது முடிந்ததும் அலமாரி, அது முடிந்ததும் கொல்லை. இவர் கடைக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இத்தனை சுறுசுறுப்பு எத்தனையோ நாளைக்குப் பிறகு.

"ராத்திரி தூங்குனியா?" என்று கேட்டார்.

"நல்லாத் தூங்கினேன்."

படுத்திருந்தேன் என்பது உண்மை.

இந்த மனிதரோடு ஒரே தொல்லை. நான் சத்தமாகச் சிரித்தால் காலண்டரைப் பார்ப்பார். சீட்டியடித்தால் மாத்திரை டப்பாவைப் பார்ப்பார். உப்புக் குறைந்தால்கூட 'மனசு சரியில்லையா' என்பார். ஒரு பெண்ணுக்கு உப்பு குறைவதற்கு உரிமை இல்லையா?

மார்ச் 9, ஞாயிறு

இன்று என் வாழ்க்கையின் மிகச் சிறந்த மேடை! குடும்பத்தின் நிம்மதிக்குப் பெரிதும் காரணம் பேசும் பெண்களா, பேசாத ஆண்களா என்பது தலைப்பு. நான் பேசும் பெண்கள். எனக்கென்றே செய்த தலைப்பு. என் வீட்டுக்காரரை உதாரணம் காட்டியே பாதி நேரத்தை ஓட்டினேன், கூட்டம் உருண்டு புரண்டது. நடுவர் புலவர் மாரியப்பன் மணியடித்தார். நான் நிறுத்தவில்லை. மறுபடி அடித்தார். அப்போது எனக்கு ஒரு அற்புதமான யோசனை தோன்றியது. நேராக நடுவர் மேசைக்குப் போய், மணியை அவர் கையிலிருந்து வாங்கி, என் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். கைதட்டல் அடங்கவே இல்லை! அதற்கப்புறமும் பேசினேன். எதிரணி பேச நேரமில்லாமல் போய்விட்டது. பேசாத ஆண்கள்தானே, பேசாமல் இருந்தால் என்ன?

விழாக் குழுவினர் கொஞ்சம் முகம் சுளித்தார்கள். பொறாமை. புலவர் காரில் ஏறும்போது, "ஏம்மா, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்றார். மணி போன வருத்தம். நாளைக்குப் புதிதாக வெள்ளியில் ஒன்று வாங்கி அனுப்பிவிடுவேன்.

கை நடுங்கவே இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

எழுந்தபோது பால்காரர்கூட வரவில்லை. எழுந்தபோது என்று எழுதுவதே தவறு, படுத்திருந்தால்தானே எழுவதற்கு. தூக்கம் என்பது சும்மா இருப்பவர்கள் கண்டுபிடித்த பொழுதுபோக்கு என்று இப்போது தெரிகிறது. விடிவதற்குள் பேச்சை எழுதி முடித்துவிட்டேன், அறுபது பக்கம், இன்னும் ஓடுகிறது.

முக்கியமான விஷயம், டாக்டரின் திட்டம் மிகச் சிறியது. கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் ஐம்பது நாற்காலியாம். உலக பைபோலார் தினத்துக்கு ஐம்பது நாற்காலியா? காதுகுத்துக்குக்கூட அதைவிட அதிகம் போடுவார்கள். மைதானத்தில் வைக்க வேண்டும். முதலில் ஊர்வலம். குட்டை திடலிலிருந்து கிளம்பி பேருந்து நிலையத்தைச் சுற்றி வரவேண்டும். முன்னால் ஜமாப்பு மேளம், பின்னால் மஞ்சள் பனியன் போட்ட ஆயிரம் பேர். பனியன் திருப்பூரில் சொல்லியாகிவிட்டது, நம்ம மாவட்டம்தானே. யானை கிடைக்குமா என்று இரண்டு கோயிலில் விசாரித்தேன். கலெக்டர் அலுவலகத்துக்கு நாலு தரம் போன் போட்டேன். நாலாவது தரம் எடுத்தவர், "மேடம், நீங்க எந்தத் துறை?" என்றார். "மூளைத் துறை" என்றேன். வைத்துவிட்டார். நகைச்சுவை உணர்ச்சி இல்லாத ஆட்களை அரசாங்கம் எங்கே போய்த் தேடிப் பிடிக்கிறதோ!

பிளெக்ஸ் போர்டுக்கும் சொல்லியாகிவிட்டது. கடைக்கார மைதீன் பாய் இரண்டு கையையும் தூக்கி நான் சிரிக்கிற படத்தைத் தேர்ந்தெடுத்தார். வாசகம் நானே எழுதினேன். அதைப் படித்துவிட்டு, "அக்கா, நல்லா யோசிச்சுத்தானே சொல்றீங்க?" என்று மூன்று தரம் கேட்டார். யோசிப்பதற்கு நேரம் எங்கே இருக்கிறது?

தாரணிக்கு விஷயத்தைச் சொல்லப் போன் போட்டேன். "அம்மா, மணி என்னாச்சு தெரியுமா?" என்கிறாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதிகாலையின் அருமை தெரியவில்லை.

மார்ச் 13, வியாழன்

எழுத நேரமில்லை. உலகம் மெதுவாகச் சுற்றுகிறது, நான்தான் இழுக்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

வைத்தாகிவிட்டது! பேருந்து நிலையத்துக்கு எதிரே, இரண்டு மாடி உயரத்துக்கு, நான். கீழே பெரிய எழுத்தில்:

எனக்கு பைபோலார்! உங்களுக்கு?
சொற்போர்ச் சுனாமி அம்சவேணி அழைக்கிறார்!

ஊரே நின்று பார்க்கிறது. நானும் ஆட்டோவில் போய் ஏழெட்டுத் தரம் பார்த்துவிட்டேன். பழனி பஸ் டிரைவர் ஒருவர் பார்த்துக்கொண்டே வந்து நிழற்குடைத் தூணில் இடிக்கப் போய்விட்டார். விழிப்புணர்வு என்றால் அதுதான்.

தாரணி போன் செய்தாள். அவள் விடுதிக் குழுவில் யாரோ படத்தைப் போட்டுவிட்டார்களாம். அதற்குமேல் அவள் சொன்னது புரியவில்லை. அங்கே சிக்னல் சரியில்லை போல, குரல் விட்டு விட்டு வந்தது. "நாளைக்கு உன் காலேஜுக்கும் ஒரு போர்டு வைக்கலாமா கண்ணு?" என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது.

இவர் வந்து போர்டைப் பார்த்தார். அப்படியே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கடை வரை நடந்தே போனார், வண்டியை மறந்துவிட்டு.

மார்ச் 18, செவ்வாய்

இன்று காலை கடைக்குப் போய் இவரை நாலு கேள்வி கேட்டேன். திருப்பூர் பனியனை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்! எனக்குத் தெரியாமல்! மோட்டாருக்குக் காத்திருந்த தோட்டக்காரர் ஒருவர் முன்னாலேயே கேட்டேன். உங்களுக்குப் பொறாமை, உங்களுக்கு வாயில்லை, எனக்கு இருக்கிறது, அதுதான் உங்கள் பிரச்சினை என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுத வேண்டாம். தோட்டக்காரர் மோட்டாரை விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

இவர் ஷட்டரை இழுத்தார். வேலை நாளில், வெயில் ஏறும் முன்பே, கடைக்கு ஷட்டர்.

"வேணி, டாக்டரம்மாவைப் பாத்துப்போட்டு வந்தர்லாம்."

"எனக்கு என்ன கேடு? நான் எத்தனை சந்தோஷமா இருக்கேன்னு உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியுது புள்ள. அதான் கூப்புடறேன்."

"வரமாட்டேன். வந்தா என் பேச்சையெல்லாம் அந்தம்மா கேக்கணும். அறுபது பக்கம்."

"பேசு. எத்தனை நேரம் வேணாலும் பேசு. நான் மணி அடிக்கமாட்டேன்."

புலவர் இவரிடம் சொல்லியிருக்கிறார்! அந்தக் கோபத்திலேயே வண்டியில் ஏறிவிட்டேன்.

டாக்டர் நான் பேசுவதையெல்லாம் கேட்டார். நடுவில் தண்ணீர் கொடுத்தார். கடைசியில், "மாத்திரை சரியா எடுக்கறீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"தவறாம."

இவர் சட்டைப் பைக்குள் கைவிட்டு மாத்திரை அட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். பரணில் அட்டைப் பெட்டிக்குப் பின்னால் இருந்ததாம். ஒன்றுகூடப் பிரிக்காதது. பரணைச் சுத்தம் செய்பவளுக்குத்தான் அதில் இடம் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

நான் பேச வாயெடுத்தேன். டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்சவேணி, இதே பேச்சை அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியும் எங்கிட்டப் பேசினீங்க. அப்ப யானைக்குப் பதிலா குதிரை" என்றார்.

சிரிப்பு வந்தது. பிறகு ஏனோ அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்கலாமா என்று யோசித்தார்கள். வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்கிறேன், கடை கிடக்கட்டும் என்று இவர் சொன்னார். ஊசி போட்டார்கள்.

மார்ச் 19, புதன்

தூக்கம்.

மார்ச் 20, வியாழன்

தூக்கம். நடுவில் ரசம் சாதம்.

மார்ச் 23, ஞாயிறு

இன்று கொஞ்சம் தெளிவு. தெளிவு வந்ததும் முதலில் ஞாபகம் வந்தது பிளெக்ஸ் போர்டு. இரண்டாவதாக ஞாபகம் வந்ததும் அதேதான்.

புலவர் மாரியப்பன் வீட்டுக்கு இவர் போய் மணியைக் கொடுத்துவிட்டு வந்தாராம். அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கலெக்டர் அலுவலகம், யானை, பஸ் டிரைவர், கடைக்கு வந்த தோட்டக்காரர். ஒவ்வொருவராகக் கண்முன் வந்து நின்றுவிட்டுப் போகிறார்கள். தோட்டக்காரர்தான் அதிக நேரம் நிற்கிறார்.

"போர்டைக் கழட்டச் சொல்லட்டுமா?" என்று இவர் கேட்டார்.

போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். சுனாமி உள்வாங்கிவிட்டது.

மார்ச் 25, செவ்வாய்

தலை வாரவில்லை.

மார்ச் 28, வெள்ளி

தாரணி வந்தாள். விடுமுறை இல்லாமல் எப்படி வந்தாள் என்று கேட்கப் பயமாக இருந்தது. அவளுக்கு முகம் காட்டாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். பையை வைத்துவிட்டுக் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒண்ணு சொன்னாத் தப்பா நெனைக்கமாட்டியே?"

இதோ வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"ரெண்டு மாடி ஒசரத்துக்குப் போர்டு வெக்கறவ, அந்த வெங்காயக் கலர் பொடவையவா கட்டுவா? வேற பொடவையே இல்லையா உனக்கு?"

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் கண் வீங்கியிருந்தது. ஆனாலும் உதட்டில் சிரிப்பு.

"காலேஜுல என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு நாள் சொன்னாங்க. அப்புறம் வார்டன் லவ் பண்றது தெரிஞ்சு போச்சு, எல்லாம் அந்தப் பக்கம் போயிருச்சு." என் தலையை மடியில் எடுத்து வைத்துச் சிக்கெடுக்க ஆரம்பித்தாள். வலித்தது. வலிக்கிறது என்று சொன்னேன். பேசாமல் இரு என்றாள். இந்த வீட்டில் என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லி ஜெயித்த முதல் ஆள்.

சாயங்காலம் டாக்டர் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைத் தள்ளி வைத்துவிடலாம் என்றார். நான் முழுதாக எழுந்து நிற்கக் கொஞ்ச நாளாகும், அவசரமில்லை என்றார். தொலைபேசியை வாங்கி இவர், "தள்ள வேண்டாமுங்க. நடக்கட்டும். ரெண்டு வார்த்தை நான் பேசறேன்" என்றார்.

எனக்கும் தாரணிக்கும் ஒரே நேரத்தில் வாய் திறந்துகொண்டது. எங்கள் கல்யாணத்தன்று வாழ்த்துரைக்கு நன்றி சொல்லச் சொன்னபோது கை கழுவப் போகிறேன் என்று எழுந்து ஓடிய மனிதர்.

மார்ச் 30, ஞாயிறு

போகமாட்டேன் என்றுதான் இருந்தேன். தாரணி வெங்காயக் கலர் தவிர வேறு ஒரு புடவையை எடுத்து வைத்துவிட்டாள்.

ஐம்பது நாற்காலியும் நிறைந்து, பந்திக்குப் போடும் பெஞ்சுகளையும் இழுத்துப் போட்டிருந்தார்கள். வாசல் வரை ஆள். டாக்டருக்கே நம்ப முடியவில்லை. எல்லாரும் பிளெக்ஸைப் பார்த்து வந்தவர்கள். பாதிப் பேர் என்னை வேடிக்கை பார்க்க வந்தார்கள் என்பது அவர்கள் கழுத்தைத் திருப்பிய விதத்திலேயே தெரிந்தது. நான் கடைசி வரிசையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் கடைசி வரிசையிலிருந்து ஒரு மேடையைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மைக் பிடிப்பவர்கள் அங்கிருந்து எத்தனை சிறியவர்களாகத் தெரிகிறார்கள்!

டாக்டர் சுருக்கமாகவே பேசினார். இது மனசுக்குள் தானாகப் புகுந்த பேயும் இல்லை, வளர்ப்புக் குறையும் இல்லை, மூளையில் வரும் நோய், மருந்து இருக்கிறது, மருந்தோடு வேலை பார்க்கலாம், குடும்பம் நடத்தலாம், நன்றாக இருக்கும்போதே மருந்தை நிறுத்திவிடுவதுதான் அடிக்கடி நடக்கிற தப்பு என்றார். அந்த இடத்தில் என்னைப் பார்க்காமல் இருந்ததற்கு அவருக்கு ஒரு கும்பிடு.

பிறகு இவர் எழுந்தார். வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. விலைச் சீட்டின் நூல் காலரில் தொங்கிக்கொண்டிருந்தது. மைக்கை ஸ்பேனர் பிடிப்பது போலப் பிடித்தார்.

"வணக்கமுங்க. நான் மோட்டார் காயில் கட்டறவனுங்க. மோட்டார்ல வோல்டேஜ் ஏறுனாலும் புகையும், எறங்குனாலும் புகையும். அதே மாதிரித்தானுங்க..."

நின்றுவிட்டார். கூட்டம் காத்திருந்தது.

"இல்லீங்க. அது சரியா வரல. எங்க வீட்டம்மா மோட்டார் இல்லீங்க."

சிரித்துவிட்டார்கள். எனக்குப் பக்கத்திலிருந்த ஆள் முழங்காலில் அடித்துக்கொண்டு சிரித்தார். நானாக இருந்தால் அந்தச் சிரிப்புக்குக் கொஞ்சம் இடம் விட்டிருப்பேன். இவருக்கு அதெல்லாம் தெரியாது. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார்.

"போர்டு பாத்திருப்பீங்க. அது அவ சீக்கா இருக்கறப்ப வெச்சதுங்க. கழட்டலாம்னு ஏணி எடுத்துட்டுப் போனேன். கிட்டக்கப் போய்ப் பாத்தா, அதுல இருக்கறது ஒண்ணும் பொய் இல்லீங்களே, எதுக்குக் கழட்டோணும்னு வந்துட்டேன்."

அவர் ஏணி எடுத்துக்கொண்டு போனது எனக்குத் தெரியாது.

"எனக்கு ஒரே ஒரு கஷ்டமுங்க. இவ சிரிச்சா எனக்குப் பயமாப் போயிருது. சந்தோசத்துல சிரிக்கிறாளா, சீக்கு வருதான்னு தெரியமாட்டீங்குது. பொண்ணு பாக்கப் போனப்ப உள்ளுக்குள்ள சிரிக்கிற சத்தம் கேட்டுத்தானுங்க நான் சரின்னு சொன்னேன். மூஞ்சியப் பாக்கறதுக்கு முன்னாடியே. இப்ப அந்தச் சிரிப்பு கேட்டா டப்பாவுல மாத்திரை எண்ணறேன். அவளுக்கு அது எத்தனை எரிச்சலா இருக்கும்னு எனக்கும் தெரியுமுங்க. என்ன பண்றதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியல. டாக்டரம்மா சொல்லிக் குடுத்தா கத்துக்கறோம். அவ்வளவுதானுங்க."

உட்கார வந்தவரை ஒரு பெரியவர் நிறுத்தினார். "ஏனுங் மேஸ்திரி, கல்யாணம் பண்ணி வெச்சா இதெல்லாம் சரியாப் போயிரும்னு சொல்றாங்களே?"

இவர் கொஞ்சம் யோசித்தார். "பண்ணிப் பாத்தாச்சுங்க. சரியாகலீங்க" என்றார்.

கூரை கிழிந்தது. இருபது வருடமாக மேடை ஏறுகிறேன், இப்படி ஒரு கைதட்டல் எனக்கு விழுந்ததில்லை. பொறாமையாக இருந்தது என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

கூட்டம் கலைந்தபோது நான் எழுந்திருக்கவில்லை. வந்தவர்கள் சிலர் பார்த்தும் பார்க்காமலும் போனார்கள். கடைசியாக ஒரு அம்மா மட்டும் தயங்கித் தயங்கி வந்து என் முன்னால் நின்றார். குடிமங்கலம் பக்கமாம், பெயர் பொன்னாத்தாள். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்.

"போர்டுல இருக்கறது நீங்கதானுங்களா?"

"நான்தானுங்க."

என் முகத்தையே பார்த்தார். "அதுல நெம்பச் சிரிச்சுட்டு இருந்தீங்க. இப்பச் சிரிக்கவே இல்லீங்களே."

அவரே பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரே மகள், சௌமியா. நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவள், போன தையில் ஊரிலுள்ள எல்லோருக்கும் பட்டுப்புடவை எடுத்துத் தருகிறேன் என்று கடைத்தெருவில் நின்று சத்தம் போட்டாளாம். இப்போது கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மாசத்துக்கு மேலாகப் படுத்துக்கிடக்கிறாளாம். மந்திரிப்பவரிடம் மூன்று முறை கூட்டிப்போயாகிவிட்டது.

"எம்புள்ளைக்கும் சிரிப்பு திரும்பி வருமுங்களா?"

"வருமுங்க" என்றேன். "ஆனா போர்டுல இருக்கற அளவுக்கு வேண்டாம்."

அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். நான் அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். என் நம்பரையும் கொடுத்தேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

மாத்திரை போட்டேன். இவர் டப்பாவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவர் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. நானே டப்பாவைத் திறந்து காட்டிவிட்டேன். கை நடுங்குகிறது, இருக்கட்டும். அதற்கு வேறு மருந்து சேர்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான்தான் இத்தனை நாள் கேட்கவே இல்லை.

தாரணி விடுதிக்குப் போய்விட்டாள். தலையில் இன்னும் அவள் போட்ட பின்னல்.

ஏப்ரல் 4, வெள்ளி

பருப்பை அடுப்பில் வைத்திருந்தபோது போன் வந்தது. பொன்னாத்தாள். மகள் டாக்டரிடம் வர ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் போர்டில் இருக்கிற ஆளிடம் பேசு என்று சொன்னபோது மட்டும் கதவைக் கொஞ்சம் திறந்தாளாம். "குடுக்கறேனுங்க, பேசுங்க" என்று சொல்லிப் போனை உள்ளே கொடுத்துவிட்டார்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மின்விசிறி ஓடுவது கேட்டது. மூச்சு கேட்டது.

எனக்கு அறுபது பக்கம் இருந்தது. நம்பிக்கை பற்றி, மருந்து பற்றி, கோயமுத்தூரில் நான் இருந்த நாட்கள் பற்றி. எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றன. போன மாதம் என் கட்டிலருகே யாராவது வந்து அதையெல்லாம் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைத்தேன். போர்வையை இழுத்திருப்பேன்.

அடுப்பை அணைத்தேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். நானும் பேசவில்லை. அவள் மூச்சை அவள் விட்டாள், என் மூச்சை நான் விட்டேன். கடையிலிருந்து சாப்பிட வந்த இவர், தரையில் உட்கார்ந்து காதில் போனை வைத்துக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமலிருக்கும் அம்சவேணியைப் பார்த்துப் பயந்துபோய் வாசலிலேயே நின்றுவிட்டார். கையைக் காட்டி உட்காரச் சொன்னேன். அவரும் தரையில் உட்கார்ந்தார்.

ரொம்ப நேரம் கழித்து, கரகரத்த ஒரு சின்னக் குரல் வந்தது.

"இருக்கீங்களா?"

"இருக்கேன் கண்ணு" என்றேன்.